ஜெலாப்பாங்கில் ஆமை உறங்க வேண்டுமா?

நில ஆமையைப் புதிதாக வாங்கி வந்தவர்கள் பெரும்பாலும் ஓர் ஆங்கில வழிகாட்டி நூலைத்தான் புரட்டுகிறார்கள். தீவனம், தண்ணீர், தொட்டி என்று சில அத்தியாயங்கள் கடந்ததும் 'குளிர்கால உறக்கம்' என்ற தலைப்பு வந்து நிற்கிறது. ஆமையைச் சில வாரங்கள் பட்டினி போட வேண்டுமாம். பெட்டிக்குள் வைக்க வேண்டுமாம். 5 பாகை செல்சியஸ் குளிரில் இரண்டு மூன்று மாதம் விட்டுவைக்க வேண்டுமாம். சிறிது பிசகினாலும் இறந்துவிடுமாம். படித்து முடித்ததும் ஆமைக்கு உறக்கம் வருகிறதோ இல்லையோ, வளர்ப்பவரின் உறக்கம் போய்விடுகிறது.

அவர் இருப்பதோ ஜெலாப்பாங்கில். ஈப்போவின் வடமேற்குப் புறத்தில், கிளேடாங் மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள இவ்வூரில் பகல் வெப்பம் 32, 33 பாகையைத் தொடும். இரவிலும் 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அங்கே 5 பாகை குளிர் உள்ள ஒரே இடம் சமையலறைக் குளிர்சாதனப் பெட்டிதான். "அப்படியென்றால் அதற்குள்தான் வைக்க வேண்டுமோ?" என்ற கேள்வி எழுவது இயல்பே.

வேண்டாம். ஜெலாப்பாங்கில் வளரும் ஆமையை உறங்க வைக்கக் கூடாது. அது தானாகவே உறங்குவதுபோல் தோன்றினால், அஃது உறக்கமன்று, பெரும்பாலும் நோய். இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். உறக்கம் உண்மையாகவே தேவைப்படும் நாடுகளில் வாழும் நம் முன்னாள் மாணவர்களுக்கும் இதில் ஒரு பகுதி உண்டு.

உறக்கம் என்பது ஓய்வன்று

ஆமை ஊர்வன இனத்தைச் சேர்ந்தது. நம்மைப் போல் உடலுக்குள்ளேயே போதிய வெப்பத்தை அதனால் உண்டாக்கிக்கொள்ள முடியாது. வெயிலில் நின்றால் உடல் சூடேறும். நிழலில் ஒதுங்கினால் தணியும். உணவு செரிப்பது, நோயை எதிர்ப்பது, நடப்பது எல்லாமே அந்த வெப்பத்தை நம்பித்தான். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளிலும் நடு ஆசியப் புல்வெளிகளிலும் குளிர்காலத்தில் அந்த வெப்பம் கிடைப்பதில்லை. தின்னப் புல்லும் இல்லை. அங்குள்ள ஆமைகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. பகல் குறைந்து குளிர் கூடும்போது அவை உண்பதை நிறுத்துகின்றன; குடலைக் காலி செய்கின்றன; மண்ணைத் தோண்டி உள்ளே புதைந்துகொள்கின்றன. இதயத் துடிப்பும் மூச்சும் மிகவும் தணிந்துவிடும். கோடையில் சேர்த்த கொழுப்பையும் சிறுநீர்ப்பையில் தேக்கிய நீரையும் கொண்டே வசந்தம் வரை தாக்குப்பிடிக்கும்.

இதைக் கூர்ந்து கவனித்து எழுதியவர்களுள் புகழ்பெற்றவர் இங்கிலாந்தின் செல்போர்ன் சிற்றூரில் வாழ்ந்த பாதிரியார் கில்பர்ட் வைட். அவருடைய அத்தை சசெக்ஸ் வட்டாரத்தில் ஓர் ஆமையைப் பல ஆண்டுகள் வளர்த்து வந்தார். 1780இல் அத்தை மறைந்ததும் ஆமை வைட்டின் பொறுப்பில் வந்தது. மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்ததைத் தோண்டியெடுத்து, பெட்டியில் மண்ணோடு வைத்து, குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வண்டியின் குலுக்கலில் அது விழித்துவிட்டது! செல்போர்னில் இறக்கி விட்டதும் தோட்டத்தின் கோடி வரை இரண்டு முறை நடந்துவிட்டு, மாலையில் குளிர் கூடியதும் மறுபடி மண்ணுக்குள் போனது. நவம்பரில் புதைவதும் ஏப்ரலில் வெளிவருவதுமாக அதன் ஆண்டுச் சுற்றை வைட் குறித்து வைத்தார். 'திமோத்தி' என்று ஆண்பெயர் சூட்டப்பட்ட அந்த ஆமை பெண் என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது. அதன் ஓடு இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கிறது.

திமோத்தி மத்தியதரைக் கடல் நாட்டு இனம். அதன் மூதாதையர் எத்தனையோ குளிர்காலங்களைக் கடந்து வந்தவர்கள். உறக்கம் அதன் உடலோடு பிறந்த ஏற்பாடு. அந்த ஏற்பாடு எல்லா ஆமைகளுக்கும் உண்டு என்று நினைப்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

நாம் அறிந்த ஒரே 'குளிர்காலம்'

தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் பெற்றோர்க்கு ஒரு காட்சி நினைவிருக்கும். சனவரி, பிப்ரவரி மாதங்களில் ரப்பர் மரங்கள் இலை சிவந்து, உதிர்த்து, மொட்டையாக நிற்கும், பாலும் குறைந்துவிடும். இதைத் தோட்டத் துரைமார்கள் 'விண்டரிங்' என்றார்கள். குளிரே இல்லாத நாட்டில் குளிர்காலத்தின் பெயர்! மரம் இலையை உதிர்ப்பது குளிருக்காக அன்று. அந்த வறண்ட வாரங்களைக் கடப்பதற்காக. மழை திரும்பியதும் தளிர்த்துவிடும்.

வெப்ப மண்டல ஆமைகளும் ஏறக்குறைய இப்படித்தான். ஈப்போ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகைக்குள் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் அரை மணி நேரம்தான் வேறுபாடு. "குளிர்காலம் வருகிறது, ஆயத்தமாகு" என்று ஆமையின் உடலுக்குச் சொல்ல வானத்தில் எந்த அறிகுறியும் கிடையாது. தமிழ்நாட்டின் முட்புதர்க் காடுகளிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் வாழும் நட்சத்திர ஆமை மழைக்காலத்தில் சுறுசுறுப்பாக மேயும். கடும் வறட்சியில் புதருக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் எழுந்து நடக்கும். 5 பாகை குளிரில் மாதக்கணக்காகக் கிடக்க அதற்குத் தெரியாது.

அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் என்ன ஆகும்? குளிர் இரத்தப் பிராணி என்பதால் அதுவும் அசைவற்றுப் போகும். பார்ப்பவர் கண்ணுக்கு உறக்கமாகவே தெரியும். உள்ளே நடப்பது வேறு. குடலில் இருக்கும் உணவு செரிக்காமல் அழுகும். நோய் எதிர்ப்பு ஆற்றல் அடங்கிப்போக, நுரையீரலில் கிருமி பெருகும். ஆமைக்கு உதரவிதானத் தசை இல்லை. நம்மைப் போல் இருமிச் சளியை வெளியேற்ற அதனால் முடியாது. ஆகவே அதற்கு நுரையீரல் அழற்சி வந்தால் எளிதில் தீராது. குளிரில் கிடந்து சாகும் ஆமை கத்துவதுமில்லை, துடிப்பதுமில்லை. வெளியே எடுத்த பிறகுதான் தெரியவரும்.

முதலில் இனத்தைக் கேளுங்கள்

தமிழில் நாம் எல்லாவற்றையும் 'ஆமை' என்று சொல்லிவிடுகிறோம். மலாய்க்காரர்கள் இதில் நம்மைவிடக் கவனமானவர்கள். தரையில் வாழ்வது பானிங். நன்னீரில் வாழ்வது கூரா-கூரா. மெல்லிய ஓடுடையது லாபி-லாபி. ஆற்று முகத்துவாரங்களில் வாழும் பெரிய இனம் துந்தோங். கடலில் வாழ்வது பென்யு. பேராக் மாநிலத்தவர்களான நமக்குத் துந்தோங் அந்நியமன்று. பேராக் ஆற்றங்கரையில் போத்தா கானானில் அதற்கென்றே ஒரு பாதுகாப்பு மையம் இருக்கிறது. ஈப்போ குனோங் ராப்பாட்டில் உள்ள சாம் போ தோங் குகைக் கோயிலின் ஆமைக் குளத்தையும் பள்ளிச் சுற்றுலாவில் பலர் பார்த்திருப்பீர்கள். கங்கோங் கீரையை நீட்டினால் தலைகள் எட்டிப் பார்க்கும். டிசம்பரில் போனாலும் ஜூனில் போனாலும் அவை நீந்திக்கொண்டுதான் இருக்கும்.

செல்லப்பிராணிக் கடைகளில் தண்ணீர்த் தொட்டியில் விற்கப்படும் செங்காது ஆமை நீராமை. அதன் தாயகமான அமெரிக்காவில் குளத்துச் சேற்றில் குளிர்காலத்தைக் கழிக்கும் இனம். ஈப்போ வெப்பத்தில் அதற்கு அந்தத் தேவை எழுவதே இல்லை. நம் கட்டுரைக்குரியவை நில ஆமைகள்.

நம் நாட்டில் அதிகம் காணப்படும் வளர்ப்பு நில ஆமை சுல்காத்தா. சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பைச் சேர்ந்தது. உள்ளங்கை அளவில் வாங்கும்போது அழகாகத்தான் இருக்கும். வளர்ந்தால் 50 கிலோவைத் தாண்டும். சுவரோரம் குழி பறிக்கும். பூந்தொட்டியைத் தள்ளிக்கொண்டு போகும். இதற்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. தென்னமெரிக்காவின் சிவப்புக்கால் ஆமைக்கும் கிடையாது. நட்சத்திர ஆமைக்கும் கிடையாது. நம் மலைக்காடுகளைச் சேர்ந்த ஆசியக் காட்டு ஆமைக்கும் கிடையாது. பின்னங்கால்களின் அருகே உள்ள தடித்த முட்களால் 'ஆறுகால் ஆமை' என்று பெயர் பெற்ற அது, சருகுகளைக் குவித்துக் கூடு கட்டி, முட்டையிட்ட பிறகு சில நாள்கள் காவலும் நிற்கும் அரிய இனம். அதைக் காட்டிலிருந்து எடுத்து வந்து வளர்க்க நினைப்பவருக்கு இக்கட்டுரை உதவாது.

உறங்கும் இனங்கள் மிகச் சிலவே: ஹெர்மன் ஆமை, கிரேக்க ஆமை, ரஷ்ய ஆமை ஆகியவையும் அவற்றின் நெருங்கிய உறவினங்களும். ரஷ்ய ஆமை உண்மையில் கஜக்ஸ்தான், உஸ்பெக்கிஸ்தான் வட்டாரத்தது. கடுங்குளிரிலும் உறங்கும், கடுங்கோடையிலும் உறங்கும். ஆண்டில் சில மாதங்கள்தான் விழித்திருக்கும். இந்த உழைப்பாளியைத்தான் 1968 செப்டம்பரில் சோவியத் நாட்டவர் 'சோன்ட் 5' விண்கலத்தில் இருவராக ஏற்றி நிலவைச் சுற்றி வரச் செய்தனர். உடல் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மனிதன் நிலவைச் சுற்றியது அதன் பிறகுதான்.

ஒருவேளை உங்களிடம் இருப்பது இவ்வினம் என்றால்? வெப்பமும் ஒளியும் ஆண்டு முழுவதும் கிடைக்கும்போது இவையும் விழித்தே இருக்கும். நலமாக உள்ள ஆமையை ஒரு குளிர்காலம் விழித்திருக்க வைத்தால் அது செத்துவிடாது. தவறான முறையில் உறங்க வைத்தால் செத்துவிடும். எனவே ஊர்வன மருத்துவம் அறிந்தவர் நேரில் பார்த்துச் சொன்னாலொழிய நம் ஊரில் இவற்றையும் உறங்க வைக்க வேண்டாம். சொல்லப்போனால், வறண்ட காற்றுக்குப் பழகிய இவ்வினங்களை ஈப்போவின் ஈர வெக்கையில் வளர்ப்பதையே நான் பரிந்துரைக்க மாட்டேன். மூச்சுக் கோளாறும் ஓட்டு நோயும் எளிதில் வரும்.

அசையாமல் கிடந்தால்

இனிதான் முக்கியமான பகுதி. அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஈப்போவில் மாலைதோறும் மழை கொட்டும். அந்த நாள்களில் ஓர் ஆமை மூலையில் ஒடுங்கி, கண் மூடி, உண்ணாமல் கிடக்கலாம். வழிகாட்டி நூலைப் படித்தவர், "உறங்கத் தொடங்கிவிட்டது, தொந்தரவு செய்யக் கூடாது" என்று விட்டுவிடுவார். மூன்று வாரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் காலம் கடந்திருக்கும்.

ஒருநாள் மந்தமாக இருப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு நாள் வெயில் வந்தும் எழவில்லை என்றால் காரணத்தைத் தேட வேண்டும். மூக்கில் ஈரமோ குமிழியோ தெரிகிறதா? வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி மூச்சு வாங்குகிறதா? இவை நுரையீரல் நோயின் அறிகுறிகள். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணிமை வீங்கித் திறக்க முடியாமல் இருந்தால் கிருமித் தொற்றோ உயிர்ச்சத்து ஏ குறைவோ காரணமாகலாம். சற்று வளர்ந்த ஆமையின் ஓடு விரலால் அழுத்தினால் நெகிழ்கிறது என்றால் சுண்ணாம்புச் சத்தும் புற ஊதாக் கதிரும் கிடைக்கவில்லை. கண்கள் குழி விழுந்திருந்தால் நீர்ச்சத்துக் குறைவு. வெதுவெதுப்பான நீரில், தாடை அளவுக்கு மேல் போகாமல், இருபது நிமிடம் நிறுத்தினால் குடிக்கும், கழிக்கும், பல நேரங்களில் அதிலேயே தெளிந்தும்விடும். என்னைக் கேட்டால், புதியவர் முதலில் கற்க வேண்டிய வைத்தியம் இந்தக் குளியல்தான். குஞ்சுகளுக்கு நாள்தோறும், பெரியவற்றிற்கு வாரம் இரண்டு முறை.

அச்சத்தைக் குறைக்க இன்னொரு வழி எடை பார்ப்பது. பலகாரம் செய்யும்போது மாவு நிறுக்கும் சிறிய தராசு போதும். வாரந்தோறும் ஒரே நாளில் நிறுத்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எடை சீராக இருந்தால், ஒருநாள் சோம்பலைக் கண்டு பதறத் தேவையில்லை. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து இறங்கினால், ஆமை சுறுசுறுப்பாக இருந்தாலும் கவனிக்க வேண்டும். மருத்துவரிடம் போகும்போது அந்தக் குறிப்பேட்டையும் கொண்டு போங்கள். நாய், பூனை பார்க்கும் எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஆமை பார்ப்பதில்லை. நோய் வந்த பிறகு தேடி அலையாமல், வாங்குவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஈப்போவில் ஆள் கிடைக்காவிட்டால் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையை நாடலாம்.

மலேசியாவில் குளிர்காலம் இல்லை என்று சொன்னேன். ஓர் இடத்தில் இருக்கிறது: குளிரூட்டி ஓடும் அறையில். விடுமுறையில் ஊரில் இருந்த ஆமையைப் பெட்டியில் போட்டுத் தலைநகர் வாடகை வீட்டுக்குக் கொண்டு வரும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரவில் குளிரூட்டியை 18 பாகைக்கு வைத்துவிட்டு நாம் போர்வைக்குள் போய்விடுகிறோம். தரையில் இருக்கும் ஆமைக்குப் போர்வை இல்லை. குளிர்ந்த காற்றோ கீழே இறங்குகிறது. இந்த அரைக்குளிர் முழுக்குளிரைவிடக் கெட்டது. உறங்கும் இனத்திற்குக்கூட இவ்வெப்பத்தில் உறக்கம் வராது, உண்டதும் செரிக்காது. இப்படியே பல இரவுகள் போனால் மூக்கில் குமிழி வரும். அறைத்தோழருக்குக் குளிரூட்டி இல்லாமல் முடியாதென்றால் ஆமை ஜெலாப்பாங்கிலேயே இருக்கட்டும்.

அதற்காக வெயிலில் விட்டு மறந்துவிடவும் கூடாது. பிளாஸ்டிக் தொட்டியில் போட்டுக் கார் நிறுத்துமிடத்து வெயிலில் வைத்தால், நிழலுக்கு நகர வழியில்லாத ஆமை ஒரு மணி நேரத்திற்குள்ளேயே வெந்துவிடும். நம் ஊரில் குளிரைவிடச் சூட்டுக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். காலை வெயில் படும் புல்தரையும், பாதிக்கு நிழலும், ஒதுங்க ஒரு கூரையும், ஆழமற்ற தண்ணீர்த் தட்டும் இருந்தால் போதும். கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயிலில் புற ஊதாக் கதிரின் பயனுள்ள பகுதி தடைபட்டுவிடும்; ஆகவே வெளியே விடுவதே மேல். பளிங்குத் தரையில் கால் வழுக்கி வழுக்கி நடந்தால் கால்கள் கோணலாகும்.

உணவுக்குக் கவலையே இல்லை. புல், செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, முருங்கைக்கீரை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி எல்லாம் நம் வீட்டைச் சுற்றியே கிடைக்கும். பசாரில் வாங்கும் சவிக்கீரையை நன்றாக அலசிக் கொடுங்கள். பூச்சி மருந்து இருக்கும். பசலைக்கீரையை நாள்தோறும் கொடுத்தால் அதிலுள்ள ஆக்சலேட்டு சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது. பறவைக் கடையில் கிடைக்கும் கணவாய் ஓட்டை ஒரு மூலையில் போட்டு வையுங்கள், வேண்டும்போது கடித்துக்கொள்ளும். சோறு, ரொட்டி, நாய் உணவு ஆகியவை வேண்டாம். பாட்டி அன்போடு கொடுத்தாலும் வேண்டாம்.

குளிர்நாட்டில் இருப்பவர்க்கு

நம் பேரவையின் முன்னாள் உறுப்பினர் பலர் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் வேலை செய்கின்றனர். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு இப்பகுதி தேவைப்படாது. அயல்நாட்டு ஊர்வனவற்றை வீட்டில் வளர்க்க அங்கே அனுமதியில்லை. பிரிட்டனில் நிலைமை வேறு. முந்தைய பத்தாண்டுகளில் இலட்சக்கணக்கான மத்தியதரைக் கடல் ஆமைகள் அங்கே இறக்குமதியாயின. பெரும்பகுதி முதல் குளிர்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. 1984இல் அந்த வணிகத்திற்குத் தடை வந்தது. கொட்டகையில் வைக்கோல் பெட்டிக்குள் ஆமையை வைத்துவிட்டு வசந்தத்தில் போய்ப் பார்ப்பதுதான் அக்கால வழக்கம். இப்போது நிலைமை தேறியிருக்கிறது. காரணம், இன்று உறக்கம் என்பது அளந்து செய்யும் காரியம்.

கோடை முடியும்போதே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆமையின் நீளத்திற்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று பார்ப்பார். நோயுற்றதையும் மெலிந்ததையும் அவ்வாண்டு உறங்க வைக்கக் கூடாது; விளக்கு வைத்து விழித்திருக்கவே செய்ய வேண்டும். பிரிட்டனில் ஒலிஃபன்ட் ஜாக்சன் என்ற கால்நடை மருத்துவர் நீளத்தையும் எடையையும் ஒப்பிட்டு உருவாக்கிய வரைபடம் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. ஆனால் அது கிரேக்க, ஹெர்மன் ஆமைகளுக்கு மட்டுமே பொருந்தும். சுல்காத்தாவை அதில் வைத்துப் பார்த்துப் பயனில்லை.

நலம் என்று தெரிந்தபின் உணவை நிறுத்த வேண்டும். வளர்ந்த ஆமைக்கு மூன்று நான்கு வாரம். சிறியதற்கு அதைவிடக் குறைவு. இந்தப் பட்டினிதான் புதியவர்களின் மனத்தை வருத்துகிறது. குடல் காலியாகாமல் குளிருக்குள் போனால் உள்ளிருப்பது அழுகும் என்பதை நினைத்தால் மனம் இளகாது. உணவுதான் இல்லை, தண்ணீர் உண்டு. நாள்தோறும் வெதுவெதுப்பான குளியல் கட்டாயம். அதே வாரங்களில் விளக்கொளியையும் வெப்பத்தையும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும்.

பிறகுதான் குளிர்சாதனப் பெட்டி. சாப்பாடு வைக்கும் பெட்டி அன்று. அதற்கென ஒரு தனிப்பெட்டி. ஆமை இல்லாமலே சில நாள் ஓடவிட்டு, வெப்பமானி வைத்து, 5 பாகையில் நிலையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 3க்கும் 7க்கும் இடைப்பட்டிருந்தால் பாதகமில்லை. சுழிக்குக் கீழே போனால் உடல் உறைந்து கண் பார்வை போகும், உயிரும் போகும். 10ஐ நெருங்கினால் விழிக்கத் தொடங்கி, உண்ணவும் முடியாமல் உறங்கவும் முடியாமல் கையிருப்பைக் கரைத்துவிடும். காற்றுத் துளையிட்ட பெட்டியில் சிறிது மண்ணோ கிழித்த காகிதமோ இட்டு ஆமையை வைத்து, நாள்தோறும் ஒருமுறை கதவைத் திறந்து காற்றை மாற்ற வேண்டும். மின்சாரம் நின்றுபோகும் நாளுக்கும் ஒரு மாற்று ஏற்பாடு வேண்டும்.

வாரந்தோறும் எடை பார்க்கலாமா, விழித்துவிடாதா என்று கேட்பார்கள். விரைவாக எடுத்து நிறுத்து வைத்தால் விழிக்காது. கில்பர்ட் வைட்டைப் போல் நெடுந்தூரம் குலுக்கிக்கொண்டு போகாமல் இருந்தால் சரி. மாதத்திற்கு ஒரு விழுக்காடு குறைவது இயல்பு. 1,000 கிராம் ஆமை மாதத்திற்கு 10 கிராம் இழக்கலாம். அதைவிட வேகமாகக் குறைந்தால் மருத்துவரைக் கேளுங்கள்; மொத்த இழப்பு பத்து விழுக்காட்டை நெருங்கும் வரை காத்திருக்கக் கூடாது. பெட்டிக்குள் சிறுநீர் கழித்திருந்தால் எடை எப்படியிருந்தாலும் அன்றே எழுப்ப வேண்டும். அதன் தண்ணீர்க் கையிருப்பு அதோடு போய்விட்டது. முதல் தடவை என்றால் ஆறு, எட்டு வாரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பழகிய பெரிய ஆமைக்கும் மூன்று மாதம் போதும்.

எழுப்புவது எளிது. வெளியே எடுத்துச் சில மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்து, வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி, பிறகு விளக்கடியில் விட வேண்டும். முதலில் தண்ணீர் குடிக்கும், உணவு பிறகுதான். ஒரு வாரமாகியும் உண்ணாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். ஒருமுறை எழுப்பியதை வெளியே இன்னும் பனியாக இருக்கிறதே என்று மறுபடி உள்ளே வைக்கக் கூடாது.

உரிமமும் விடுவிப்பும்

மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. எந்த ஆமையை வாங்குமுன்னும் அவ்வினத்திற்கு உரிமம் வேண்டுமா, விற்பவரிடம் முறையான ஆவணம் உண்டா என்று பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்பது கட்டாயம் என்றே கொள்ளுங்கள். குறிப்பாக நட்சத்திர ஆமை. அதைக் காட்டிலிருந்து பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சென்னை விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளுக்குள் துணியும் நாடாவும் சுற்றப்பட்டு அவை பிடிபடும் செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். 2019இல் ஜெனிவாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு அதை முதல் பட்டியலுக்கு உயர்த்தி, காட்டில் பிடித்தவற்றை அனைத்துலக வணிகத்தில் விற்பதைத் தடை செய்தது. ஆவணம் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் நட்சத்திர ஆமை பெரும்பாலும் நம் முன்னோர் மண்ணிலிருந்து திருடி வரப்பட்டதாகத்தான் இருக்கும்.

'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுப்பதும் உண்டு. அந்தப் பேச்சுக்கு அஞ்சியோ, வளர்ந்த சுல்காத்தாவைச் சமாளிக்க முடியாமலோ, சிலர் அதைக் கோயில் குளத்திலும் பழைய ஈயக் குட்டைகளிலும் விட்டுவிடுகிறார்கள். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயக் குட்டைகளுக்குப் பஞ்சமில்லை. விடுபவருக்குப் புண்ணியம் செய்த மனநிறைவு. நில ஆமைக்கோ நீந்தத் தெரியாது. அது சில நிமிடங்களில் மூழ்கிவிடும். நீராமையாக இருந்தால் பிழைத்து, உள்ளூர் இனங்களின் இரையையும் இடத்தையும் பறிக்கும். வளர்க்க முடியாத நிலை வந்தால் பெர்ஹிலித்தானை அழைத்து ஒப்படையுங்கள். படிப்பு முடிந்து வெளிநாடு போகிறவர்கள் இதைக் கடைசி வாரத்திற்குத் தள்ளிப்போட வேண்டாம். நன்றாகக் கவனித்த நில ஆமை ஐம்பது ஆண்டுகூட வாழும். அதை யாரிடம் ஒப்படைப்பது என்று வாங்கும்போதே வீட்டில் பேசி வையுங்கள்.